நத்தைக்கு ஒரு நடுகல்

குனோங் ஜெராய் மலைக்குத் தெற்கே தோட்டம், வடக்கே வயல். கெடா மாநிலத்தைச் சின்ன வயதில் நான் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும். குரூணைத் தாண்டி அலோர்ஸ்டார் சாலையில் ஏறிவிட்டால் கண்ணுக்கு எட்டியவரை பெண்டாங். நாங்கள் இருந்த தோட்டம் இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் முடியும். பிறகு ஒரு மண்மேடு, அதற்கப்பால் பாரிட். பாரிட்டுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் நெல்வயல்.

பள்ளி விடுமுறையில் நாங்கள் அந்தப் பாரிட்டில்தான் கிடப்போம். செப்பாட் மீன் பிடிப்போம். அதிர்ஷ்டம் இருந்தால் கெலி. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குக் கீழே அரிக்கத் தொடங்கியது. இரவுக்குள் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிட்டது. பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இரண்டு காலிலும் பூசினார். பூசும்போது அவர் விரல்கள் என் தோலில் உரசின. பாட்டியின் நகங்கள் சாதாரண நகங்கள் இல்லை. பாதி வெந்ததுபோல் கறுத்து, சில விரல்களில் நடுவே பிளந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் பல வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவர்.

"தண்ணிய நம்பாதடா. உள்ள என்னத்த ஊத்தி வச்சிருக்கானுங்களோ, யாருக்குத் தெரியும்?"

பாட்டி அதை மருந்து என்றுதான் நினைத்தார். அவருடைய அனுபவத்தில் தண்ணீரில் இறங்கி உடம்பு வெந்தால் காரணம் மருந்தாகத்தான் இருக்கும். ஆனால் அது மருந்து இல்லை, புழு. இதை நான் தெரிந்துகொள்ளப் பதினைந்து வருடம் ஆனது. அந்தப் புழுவை ஒழிக்க உலகம் கண்டுபிடித்த வழிகளில் முக்கியமான ஒன்று தண்ணீரில் மருந்து ஊற்றுவது என்பதை அதற்கும் பிறகுதான் படித்தேன். பாட்டி தப்பாகச் சொன்னாரா, கொஞ்சம் முந்திக்கொண்டு சொன்னாரா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

*

முதலில் அந்தப் புழுவைப் பற்றி. எருமையின், மாட்டின் ரத்தக்குழாயில் வாழும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. ஷிஸ்டோசோமா ஸ்பிண்டேல் என்று பெயர். அதன் முட்டை சாணத்தோடு வயல் தண்ணீரில் விழும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்ட ஒரு சிறிய நத்தைக்குள் புகும். இந்தோபிளானார்பிஸ் என்கிற அந்த நத்தை தமிழ்நாட்டுக் குளங்களிலும் உண்டு, கெடா வயல்களிலும் உண்டு. நத்தைக்குள் அது பல மடங்காகப் பெருகி, வால் முளைத்த நுண்புழுக்களாகத் தண்ணீருக்குத் திரும்பும். அடுத்த எருமையின் தோலைத் தேடும். எருமைக்குப் பதில் மனிதக் கால் கிடைத்தால் அதைத் துளைக்கும். ஆனால் மனித உடம்புக்குள் அதனால் வாழ முடியாது. தோலிலேயே செத்துப்போகும். அந்தச் சாவுதான் நமக்கு அரிப்பு. 1938-இல் பக்லி என்ற ஆய்வாளர், மலாய் விவசாயிகளின் கால்களில் வரும் அரிப்புக்கு இந்தப் புழுதான் காரணம் என்று எழுதினார். ஆங்கில மருத்துவ நூல்களில் அது 'சாவா அரிப்பு' என்று பதிவாகியிருக்கிறது. வயலுக்கு மலாயில் சாவா என்றும் சொல்வார்கள்.

எனக்கு வந்தது அதுதான் என்று எந்த மருத்துவரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் எருமை, பாரிட், கொப்புளம் எல்லாம் பொருந்துகிறது.

இதன் சொந்தக்காரப் புழுக்கள் இவ்வளவு சாதுவானவை அல்ல. அவை மனித உடம்பிலேயே குடியிருக்கும். ஈரலை, குடலை, சிறுநீர்ப்பையை வருடக்கணக்கில் அரிக்கும். 2021-இல் உலகம் முழுக்க இருபத்தைந்து கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய்க்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், அதிலும் குழந்தைகள். மலேசியாவிலும் மனிதரைப் பிடிக்கும் ஓர் இனம் இருக்கிறது. 1973-இல் ஓர் ஓராங் அஸ்லியின் சடலத்தைச் சோதித்தபோது ஈரலில் அதன் முட்டைகள் கிடைத்தன. 1988-இல்தான் அந்தப் புழுவுக்கு ஷிஸ்டோசோமா மலாயன்சிஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்கே ஒரு சடலமும் பதினைந்து ஆண்டுகளும் தேவைப்பட்டிருக்கின்றன.

எல்லாக் கதையிலும் நடுவில் ஒரு நத்தை இருக்கிறது. நத்தை இல்லாவிட்டால் புழு இல்லை. ஆகவே நத்தையைக் கொல். இந்தத் தர்க்கம் எளிமையானது, நூறு வருடப் பழமையானது. முதலில் மயில்துத்தம் கொட்டினார்கள். பிறகு பென்டாகுளோரோஃபீனேட். 1960களிலிருந்து நிக்ளோசமைடு. இன்றும் அதுதான். அதை வயலிலும் ஓடையிலும் எப்படித் தெளிக்க வேண்டும் என்று 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கையேடே வெளியிட்டது. மனிதருக்கு ஆபத்து குறைவு, மண்ணிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பது அதன் பெருமை. நத்தையைக் கொல்லும் அதே அளவில் மீனும் சாகும் என்பது அதன் குறை.

*

இப்போது மாமா கடைக்கு வருகிறேன்.

என் தாய்மாமா வயல்பக்கத்துச் சிறுபட்டணம் ஒன்றில் உரக்கடை வைத்திருந்தார். உரம், விதை, தெளிக்கும் பம்பு, பூச்சிமருந்து. அந்த வட்டாரத்தில் நெல் சம்பந்தமான கடை வைத்திருந்த ஒரே தமிழர் அவர்தான் என்று நினைக்கிறேன். எஸ்.பி.எம். எழுதி முடித்து, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை நான் அங்கே வேலைக்கு நின்றேன். அப்போது கெடா வயல்காரர்களின் பேச்சில் புதிதாக ஒரு பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது. சிபுட் கொண்டாங் எமாஸ். தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவில் பிறந்து, 1980-ஐ ஒட்டித் தைவானுக்கு உணவாக வளர்க்கக் கொண்டுவரப்பட்டு, சாப்பிட ஆளில்லாமல் வாய்க்காலில் விடப்பட்டு, அங்கிருந்து ஆசிய நெல்வயல்களையெல்லாம் மேய்ந்துகொண்டே வந்த நத்தை. இளநாற்றை ஒரே இரவில் அறுத்துவிடும். அதன் உடம்பிலும் ஒரு புழு தங்கும். எலியின் நுரையீரல் புழு. அந்த நத்தையை அரைவேக்காட்டில் தின்றவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்திருக்கிறது. 2006-இல் பெய்ஜிங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி வந்தது.

ஆனால் எங்கள் கடைக்கு வந்த யாரும் நோய்க்குப் பயந்து வரவில்லை. நாற்றுக்காகத்தான் வந்தார்கள்.

ஒரு பாக்சிக் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஐந்து ரெலோங் நிலம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மாமாவிடம் மெதுவாக, "யாங் லாமா பூன்யா, ஆடா லாகி தாக்?" என்றார். பழசு இன்னும் இருக்கா என்று அர்த்தம். பழசு என்றால் எண்டோசல்ஃபான். 2005-இல் மலேசியா அதைத் தடை செய்துவிட்டது. கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் தெளித்து, அங்கே பிறந்த குழந்தைகளின் படங்கள் உலகமெல்லாம் போன அதே மருந்து. 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தடை என்பது மட்டும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பின்னாடி அலமாரியில கீழ் தட்டுல இருக்கு. எடுத்தா" என்றார்.

நான்தான் எடுத்துவந்தேன். பழைய நாளிதழில் சுற்றி, பையில் போட்டு, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தவனும் நான்தான்.

அவர் போனபிறகு கேட்டேன், "மாமா, தடை பண்ணிட்டாங்கதானே?"

"நான் குடுக்கலன்னா அவரு தாய்லாந்து பார்டர்ல போயி வாங்குவாரு. அங்க என்ன கலந்து குடுக்குறானோ. இதாவது நமக்குத் தெரிஞ்ச சாமான்."

ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். வேறு எதற்கோ, உரம் வாங்க. நத்தை செத்துவிட்டது என்றார். நல்லது என்றார் மாமா. பாரிட்டில் ஹருவானும் மிதக்குது என்றார். அதற்கு மாமா ஒன்றும் சொல்லவில்லை. பாக்சிக்கும் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். உர மூட்டையை நான் தூக்கிவைத்தேன்.

அந்த வருடம் நான் கோலாலம்பூரில் படிக்கப் போனேன். முதல் செமஸ்டர் பணத்தை மாமாதான் கட்டினார்.

*

மாமா சொன்ன பதில் உலகத்தில் மிகப் பழைய பதில்களில் ஒன்று. நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான். விளைவை மட்டும் கணக்குப் போட்டால் இதை மறுப்பது கடினம். மாமா கொடுக்காமல் இருந்திருந்தால் ஹருவான் பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்று மாறியிருக்கும். மீன் மிதக்குது என்ற செய்தி எங்களிடம் வந்திருக்காது. பாக்சிக் அதை எங்களிடம் சொன்னது, நாங்கள் விற்றவர்கள் என்பதால். பொருள் போன வழியிலேயே செய்தி திரும்பி வரும். அதைக் கேட்டபிறகு நாம் என்ன செய்கிறோம் என்பது, இன்னொருவன் என்ன செய்வான் என்ற கேள்விக்குள் அடங்காது. அது நம்மைப் பற்றிய கேள்வி. மாமா மூட்டைக்குப் பில் போட்டார். நான் தூக்கி வைத்தேன்.

இந்த இடத்தில் நண்பர்கள் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். ஒரு நத்தைக்காகவா இவ்வளவு? ஒரு பக்கம் குழந்தையின் ஈரல், இன்னொரு பக்கம் நத்தை. எதைத் தேர்ந்தெடுப்பாய்?

குழந்தையைத்தான். யோசிக்கவே மாட்டேன். நத்தையின் உயிரும் மனித உயிரும் ஒன்று என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஏரியில் நின்று தண்ணீர் எடுக்கும் ஆப்பிரிக்கத் தாயிடம் அப்படிச் சொல்வது துணிச்சலும் அல்ல, சொகுசு.

ஆனால் அந்தத் தராசே தவறாகக் கட்டப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நத்தையைக் கொல்வது என்று தனியாக ஒரு செயல் கிடையாது. தண்ணீரில் மருந்து ஊற்றுவது என்ற செயல்தான் உண்டு. முன்னது நம் நோக்கத்தின் பெயர், பின்னது நம் கை செய்வது. மருந்துக்கு நம் நோக்கம் தெரியாது. அது மீனுக்கும் தவளைக்கும் போகும், கீழ்ப்பக்கம் கால் கழுவுகிறவனுக்கும் போகும். செயலுக்கு நோக்கத்தின் பெயரைச் சூட்டியவுடன், மற்றதெல்லாம் 'பக்கவிளைவு' ஆகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பக்கவிளைவு இல்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பெரிய தொட்டிகளில் சின்னக் குளங்களை உருவாக்கி, வயலில் பயன்படும் உரம், களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி மூன்றையும் விட்டுப் பார்த்தார்கள். உரம் பாசியை வளர்த்தது. களைக்கொல்லி தண்ணீரில் மிதக்கும் பாசியைக் கொன்றதால் வெளிச்சம் அடிவரை போய், நத்தை தின்னும் ஒட்டுப்பாசி செழித்தது. பூச்சிக்கொல்லி நத்தையைத் தின்னும் நண்டுவகை உயிர்களையும் நீர்ப்பூச்சிகளையும் கொன்றது. மொத்தத்தில் நோய் பரப்பும் நத்தைகள் பெருகின. அதாவது, பயிருக்கு அடிக்கும் மருந்தே நத்தையை வளர்த்துக் கொடுக்கலாம். பிறகு அந்த நத்தைக்கு வேறு மருந்து அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடையில் வாங்கலாம். எங்கள் கடையில் இரண்டும் எதிரெதிர் அலமாரியில் இருந்தன.

செனகல் நாட்டில் மருந்தே இல்லாமல் இது நடந்தது. 1986-இல் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் தியாமா அணையைக் கட்டினார்கள், கடல்நீர் ஏறாமல் இருக்க. நல்ல நோக்கம்தான். பாசனம் பெருகியது. ஆனால் முட்டையிட முகத்துவாரத்துக்குப் போய்வரும் நன்னீர் இறால்களின் வழி அடைபட்டது. இறால் நத்தையைத் தின்பது. இறால் போனதும் நத்தை பெருகியது, சில ஆண்டுகளில் ஆற்றங்கரை ஊர்களில் நோய் வெடித்தது. எங்கள் கெடாவிலும் 1970-இல் மூடா பாசனத் திட்டம் வந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேர் வயல் ஒருபோகத்திலிருந்து இருபோகமானது. வயல் காய்கிற மாதங்கள் குறைந்தன. நெல்லுக்கு நல்லது நத்தைக்கும் நல்லதாகிவிடுகிறது. இதில் யாரைக் குற்றவாளி என்பது? அணை வேண்டாம் என்றா சொல்ல முடியும்? அந்த அரிசியைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன்.

நல்ல நோக்கம் எவ்வளவு தூரம் நம்மைக் காப்பாற்றும் என்று யோசிக்கும்போது எகிப்து நினைவுக்கு வருகிறது. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை, இதே நத்தைக் காய்ச்சலைக் குணப்படுத்த லட்சக்கணக்கான கிராமத்தவர்களுக்கு அரசு ஊசி போட்டது. ஊசிகள் சரியாகக் கொதிக்க வைக்கப்படவில்லை. நோய் குறைந்தது, ஹெபடைடிஸ் சி பரவியது. உலகத்திலேயே அந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடாக எகிப்து ஆனது. ஊசி போட்ட ஒவ்வொரு செவிலியரும் நல்லதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

*

இவ்வளவையும் படித்துவிட்டு, மருந்தே வேண்டாம், இயற்கைக்குத் திரும்புவோம் என்று முடித்துவிடலாம். இணையத்தில் அப்படி முடிப்பதுதான் வசதி. ஆனால் அந்தப் பாக்சிக் என் கண்முன் நிற்கிறார்.

வாத்து விடலாம் என்பார்கள். உண்மைதான், வாத்து குட்டி நத்தைகளை நன்றாகத் தின்னும். தண்ணீர் வரும் மடையில் வலை கட்டலாம். நடவின்போது தண்ணீரை வடித்து வைக்கலாம். குச்சிகளை நட்டு, அதில் நத்தை இடும் இளஞ்சிவப்பு முட்டைகளைச் சுரண்டித் தள்ளலாம். எல்லாம் பலன் தருபவை. எல்லாவற்றுக்கும் கை வேண்டும். பாக்சிக்கின் பிள்ளைகள் பினாங்கிலும் கூலிமிலும் தொழிற்சாலையில். ஐந்து ரெலோங்கிலும் குனிந்து நத்தை பொறுக்க அவருக்கு முதுகு இல்லை. ஒரு போத்தல் மருந்து என்பது அவருக்கு இரண்டு மகன்களின் வேலை. மருந்து அடிக்காதே என்று அவரிடம் சொல்கிற நான், அந்த இரண்டு மகன்களைப்போலவே ஊரைவிட்டுப் போனவன்.

தோட்டத்தில் கதை வேறு. அங்கே மருந்து கையைக் காப்பாற்றவில்லை, கையைத் தின்றது. புல் வெட்டப் பத்துப் பேர் வேண்டிய இடத்தில் மருந்து அடிக்க இரண்டு பெண்கள் போதும் என்று கணக்குப் பார்த்தார்கள். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு, முதுகில் தோம்பைத் தூக்கிவிடுவார்கள். பாராகுவாட் அடித்தவர்களுக்கு நகம் கறுக்கும், மூக்கில் ரத்தம் வரும், கண் எரியும். 2002-இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைச் சந்தித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த வருடமே அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் தளர்த்தியது. 2020-இல்தான் முழுத்தடை வந்தது. நடுவில் பதினெட்டு வருடம்.

பாட்டி 2011-இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மருந்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை வியாதியும் இருந்தது. காரணம் தெரியாது என்பது எங்கள் வீட்டில் ஒரு நிரந்தரமான வாக்கியமாக இருக்கிறது. விஷத்தின் இன்னொரு குணம் இது. தன் கையெழுத்தைப் போடாமல் போய்விடும். சாட்சி சொல்ல நகம் மட்டும்தான் மிஞ்சியது, அதையும் எரித்துவிட்டோம்.

ஆகவே கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன். நத்தையைக் கொல்லலாமா என்று அல்ல. ஊற்றுவது யாருடைய கை? அந்தக் கையில் உறை இருக்கிறதா? கீழ்ப்பக்கம் யார் குடிக்கிறார்கள், அவர்களிடம் சொன்னோமா? மீன் மிதந்தால் செய்தி யாரிடம் வரும், வந்தால் அவர் எழுந்து போய்ப் பார்ப்பாரா? நோய் முற்றிய ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் இந்த நான்கு கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு ஒருவர் நிக்ளோசமைடு தெளிக்கிறார் என்றால், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருக்குத் தோம்பைத் தூக்கிவிடவும் தயார். இந்தக் கேள்விகளையே கேட்காமல் நாளிதழில் சுற்றிக் கொடுத்தவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் அக்லிலு லெம்மா என்ற இளம் ஆய்வாளர் 1964-இல் ஒன்றைக் கவனித்தார். பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றில் நத்தைகள் செத்து மிதந்தன. துவைக்கும் இடத்துக்கு மேலே உயிரோடு இருந்தன. அவர்கள் சோப்புக்குப் பதில் என்டோட் என்ற செடியின் காயை அரைத்துத் துவைத்தார்கள். அதில் நத்தையைக் கொல்லும் சாறு இருந்தது. வெளிநாட்டு மருந்து வாங்கப் பணம் இல்லாத ஊர்கள் தாமே வளர்த்து, தாமே இடித்து, தாமே ஊற்றிக்கொள்ளலாம் என்பது லெம்மாவின் கனவு. 1989-இல் அதற்காக அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. என்டோட்டும் மீனைக் கொல்லும், அது ஒன்றும் அமுதம் இல்லை. ஆனால் இடிக்கிற கை, ஊற்றுகிற கை, கீழே தண்ணீர் மொள்கிற கை எல்லாம் ஒரே ஊரின் கைகள். எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

*

ஜப்பானில் குருமே நகரத்தில், சிக்குகோ ஆற்றுப் பகுதியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1913-இல் மியாயிரி கெய்னோசுகே என்ற பேராசிரியர், அங்கே தலைமுறை தலைமுறையாக விவசாயிகளின் வயிறு வீங்கிச் சாகும் நோய்க்கு நடுவில் இருப்பது ஒரு சின்ன நத்தை என்று கண்டுபிடித்தார். நத்தைக்கு அவர் பெயரே வந்தது, மியாயிரி நத்தை. பிறகு பல பத்தாண்டுகள் அதைக் கொன்றார்கள். சுண்ணாம்பு, ரசாயனம், நெருப்பு. கையால் பொறுக்கினார்கள். வாய்க்கால்களுக்கு சிமெண்ட் பூசினார்கள். நோய் ஒழிந்தது. அந்த ஆற்றுப்படுகையில் நத்தையும் ஒழிந்தது. அதன் பிறகு அவர்கள் அந்த நத்தைக்கு ஒரு கல் நட்டார்கள். மனித சமூகத்தைக் காக்க மனிதரால் அழிக்கப்பட்ட நத்தைக்கு இங்கே நினைவஞ்சலி என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொன்றுவிட்டுக் கும்பிடுவதா? பிறகு சிரிப்பு போய்விட்டது. நம் ஊரிலும் நடுகல் உண்டு. நம் நடுகல் நம் பக்கம் நின்று செத்தவனுக்கு. இது எதிர்ப்பக்கம் நின்று செத்ததற்கு. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1965-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரண்டு கடமைகள் மோதும்போது சரியானதைத் தேர்ந்தெடுத்த பிறகும், தேர்ந்தெடுக்காத கடமை கணக்கிலிருந்து அழிந்துவிடுவதில்லை, வருத்தமாக மிஞ்சி நிற்கும் என்று வாதிட்டார். அந்த வருத்தம் குழப்பம் அல்ல, பலவீனமும் அல்ல. நடந்தது என்ன என்பதைச் சரியாகப் பார்த்தவனுக்கு வருவது. குருமேயின் கல் அந்த மிச்சத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறது. அது கொலையை நியாயப்படுத்தவில்லை, வாபஸ் வாங்கவும் இல்லை. செய்தோம் என்று மட்டும் சொல்கிறது.

வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதினார், உழவுக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். முப்பத்து மூன்றாவதிலிருந்து நூற்று நான்காவதுக்கு எப்படிப் போவது என்று எங்கும் விளக்கவில்லை. கலப்பை இறங்கும்போது மண்ணில் சாகிற உயிருக்கு அஞ்சி உழவையே ஒதுக்கியவர்கள் சமணத்தில் இருந்தார்கள். அதுவும் ஒரு விடைதான். ஆனால் அவர்களுக்கும் யாரோ ஒருவர் உழுதுதான் சோறு போட்டிருப்பார். வள்ளுவர் இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நடுவில் இருக்கும் எழுபது அதிகாரத் தூரத்தை நாம்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா கடையை மூடி நாளாகிறது. பேச்சோடு பேச்சாக அந்தப் போத்தலை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு நினைவிருந்தது. கொஞ்ச நேரம் தேத்தண்ணி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காசுலதான்டா ஒன்னய படிக்க வச்சேன்."

"தெரியும் மாமா."

"மீனு செத்துச்சின்னு அவரு சொன்னப்ப போயி பாத்திருக்கணும். போகல."

அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பாரிட் பக்கம் நடந்தேன். கரைக்கு இப்போது சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக நத்தை முட்டைகள். வயலில் நின்றிருந்த ஒருவர், தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் பொரிக்காது என்று கையைக் காட்டிச் சொன்னார். ஒரு குச்சியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். இருபது கொத்துவரை எண்ணினேன். இன்னும் நிறைய இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, தோள் வலித்தது. குச்சியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.